மீன்கள் பெற்ற முதல் ஆசி



2015 டிசம்பர் மாத வெள்ளத்தை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. அடையாற்றில் பெருக்கெடுத்த நீர் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தெருத் தெருவாகப் புகுந்தது. தண்ணீர் வடிந்தபின் வீடுகளைச் சந்திக்கச் சென்றபோது, ஒரு வீட்டில் சேற்றை வாரிக் கொண்டிருந்த தாய் ஒருவர், "ஃபாதர், சமையலறை மூலையில ஒரு விரால் மீன் கிடந்துச்சு. பாவம், வழி தவறி வந்துடுச்சு" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மாமனார் உடனே, "மீன் வழி தவறலம்மா. அது வழக்கமா போற வழியிலதான் நாம வீடு கட்டியிருக்கோம்" என்றார். அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தை இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை.

மீனைப் பற்றி மறைமாவட்டப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், நம் ஏரிகளையும் கடலையும் அவற்றில் வாழும் மீன்களையும் அரசு எப்படித் திட்டமிட்டு நிர்வகிக்கிறது என்பது வெறும் துறை சார்ந்த செய்தியல்ல. பொதுச் சொத்து யாருக்கு உரியது, அதைப் பற்றி முடிவெடுக்கும்போது யாருடைய குரல் கேட்கப்படுகிறது என்ற நீதியின் கேள்வி அதில் அடங்கியிருக்கிறது. அதுவும் நம் மறைமாவட்டத்திற்குள்ளேயே எழுந்துள்ள கேள்வி. எனவே சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதல் ஆசி யாருக்கு?

திருவிவிலியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கடவுள் ஒளியையும் வானத்தையும் நிலத்தையும் படைத்து, அவை நல்லவை என்று கண்டார். ஆனால் 'ஆசி வழங்கினார்' என்ற சொல் முதன்முதலாக வருவது ஐந்தாம் நாளில்தான். அந்த ஆசியைப் பெற்றவை நீரில் வாழும் உயிர்களும் பறவைகளும். பலுகிப் பெருகி நீரை நிரப்பும்படி அவற்றை ஆண்டவர் வாழ்த்தினார் (தொடக்கநூல் 1:22). மனிதன் அப்போது படைக்கப்படவே இல்லை. மனிதனுக்குரிய ஆசி அதற்குப் பிறகே வருகிறது.

இதன் பொருள் என்ன? மீன்கள் பெருக வேண்டும் என்பது நாம் அவற்றைப் பிடித்து உண்பதற்கு முன்பே இறைவன் கொண்ட விருப்பம். மீனை உண்ண நமக்கு உரிமை உண்டு. நம் ஆண்டவரும் உயிர்த்தபின் சீடர்களுக்கு மீனைச் சுட்டுக் கொடுத்தார். ஆனால் அது பெருகும் வழியை அடைக்க நமக்கு உரிமை இல்லை. பறவைக் கூட்டைக் கண்டால் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம், தாய்ப்பறவையைப் போகவிடு என்று இணைச்சட்டம் (22:6-7) கட்டளையிடுவதும் இதே நெறிதான். பலனை எடுத்துக்கொள், ஊற்றை அழித்துவிடாதே என்பதே அதன் உட்பொருள்.

மீன் போகும் வழி

நம் முன்னோர் வெட்டிய ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போகும். செம்பாக்கம் ஏரியிலிருந்து வழியும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, தெற்கே கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. மேற்கே முடிச்சூர்ப் பக்கத்து நீரோ அடையாற்றில் சேர்கிறது.

தண்ணீர் கீழே இறங்கும் இதே வழியில்தான் மீன்கள் மேலே ஏறுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் புதுத் தண்ணீர் வந்ததும் கெண்டை, கெளுத்தி, விரால், குரவை போன்ற நாட்டு மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து ஏறி, கரையோரப் புல்லும் கோரையும் வளர்ந்த ஆழமில்லாத நீரில் முட்டையிடும். பனையேறிக் கெண்டையும் விராலும் காற்றையே சுவாசிக்க வல்லவை. ஈரத் தரையில் ஊர்ந்துகூட அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். விலாங்கு கடலில் பிறந்து ஏரி வரை வந்து வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடலுக்கே திரும்பும். கொடுவா மீனின் குஞ்சுகள் முகத்துவாரத்தில் பிறந்து உள்நாட்டு நீரை நோக்கி வரும். இறால் கடலில் பிறந்து கழிமுகத்தில் வளர்ந்து கடலுக்குத் திரும்பும்.

ஆக, செம்பாக்கத்து ஏரியும் கோவளத்துக் கடலும் மீனின் கணக்கில் ஒரே வீட்டின் இரண்டு அறைகள். இடையில் உள்ள கதவுகளை ஒவ்வொன்றாக மூடியவர்கள் நாம். கலங்கலை உயர்த்திக் கட்டினோம், கால்வாயின் மேல் கடை கட்டினோம், சதுப்பு நிலத்தில் குப்பையைக் கொட்டினோம்.

அரசு செய்ததும் செய்யாததும்

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடை செய்த இந்திய மீன்வளச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே வந்தது. 1907இல் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன் முயற்சியால் சென்னை மாகாணத்தில் மீன்வளத்திற்கெனத் தனித் துறை உருவானது. இன்று நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி மீன்வளம் மாநிலப் பட்டியலில் உள்ளது. கரைக்கு அப்பால் 12 கடல் மைல் எல்லையைத் தாண்டிய மீன்பிடிப்பு மட்டுமே மத்திய அரசின் பொறுப்பு. எனவே ஏரி மீனுக்கும் கரையோர மீனுக்கும் முதற்பொறுப்பு மாநில அரசே.

கடலைப் பொறுத்தவரை ஒரு நல்ல முன்மாதிரி நம் கண்முன் இருக்கிறது. 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 2001 முதல் கிழக்குக் கடற்கரையில் மீன்களின் இனப்பெருக்கக் காலத்தில் 45 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2017 முதல் அது ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகையும் வழங்குகிறது. தொகை போதுமா, உரிய நேரத்தில் கைக்கு வருகிறதா என்ற கேள்விகள் வேறு. ஆனால் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன லேவியர் நூலின் (25ஆம் அதிகாரம்) நெறியை, ஒரு மதச்சார்பற்ற அரசு கடலுக்குச் செய்து காட்டுகிறது என்றே நான் இதைப் பார்க்கிறேன். கடலுக்கும் ஓர் ஓய்வு நாள் உண்டு.

ஆனால் நம் ஏரிகளுக்கு? நம் புறநகர் ஏரிகளில் அப்படி ஓர் ஓய்வுக்காலம் நடைமுறையில் இல்லை. மழைக்காலத்தில் மீன்கள் முட்டையிட ஏறும் அதே நாட்களில்தான், கலங்கலுக்குக் கீழே வலை கட்டி அள்ளுகிறார்கள். விரால் தன் குஞ்சுகளைக் காக்கும் காட்சியைக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீரின் மேல்மட்டத்தில் மிதக்க, தாயும் தந்தையும் அடியில் காவல் இருக்கும். அந்தத் திரளைப் பார்த்தே தூண்டில் போட்டுப் பெற்றோர் இரண்டையும் பிடித்துவிடுவார்கள். அன்றோடு அத்தனை குஞ்சுகளும் அனாதைகள்.

நாட்டு மீன் எப்படிக் 'களை' ஆனது?

ஏரி மீனுக்கு அரசு வகுத்த திட்டத்தின் அடிப்படை நோக்கம் உற்பத்தி. இதிலும் நன்மை உண்டு. 1957இல் இந்திய விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி கெண்டை இன மீன்களை ஊசி மருந்து மூலம் முட்டையிடச் செய்யும் முறையைக் கண்டறிந்தார். அதன்பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைப் பண்ணையில் உருவாக்கி ஏரிகளில் விட முடிந்தது. ஏழைகளின் தட்டிலும் மலிவாக மீன் வந்தது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்லாவும் ரோகுவும் மிர்காலும் வட இந்தியாவின் கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. நம் ஏரிகளின் பிள்ளைகள் அல்ல.

குளத்தில் இந்தக் குஞ்சுகளை விடுமுன் இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, ஏற்கெனவே உள்ள மீன்களைக் கொன்று அகற்ற வேண்டும் என்று மீன் வளர்ப்புப் பயிற்சியில் கற்றுத் தருகிறார்கள். அப்படி அகற்றப்படும் விரால், கெளுத்தி, சிறு கெண்டை வகைகளுக்குப் பாடத்தில் உள்ள பெயர் 'களை மீன்கள்', 'பகை மீன்கள்'. சொந்தக் குளத்தில் வளர்ப்பவருக்கு அது பொருந்தலாம். ஆனால் பொது ஏரியின் மீன்பாசிக் குத்தகையை ஏலத்தில் எடுப்பவருக்கும் அதே மனநிலை வந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு மட்டும் குத்தகை எடுத்தவர் போட்ட பணத்தை எடுக்கத்தானே பார்ப்பார்? தன் காலத்திற்குப் பிறகு அந்த ஏரியில் என்ன மீன் இருக்கும் என்பது அவருடைய கணக்கில் வராது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அப்படிக் கணக்குப் போடும்படி குத்தகை முறைதான் அவரைத் தள்ளுகிறது. ஆண்டவர் ஆசி வழங்கிய உயிரை நம் திட்டம் களை என்று பெயரிட்டு வைத்திருக்கிறது.

அடுத்தது அயல்நாட்டு மீன்கள். நாம் 'ஜிலேபி' என்று அழைக்கும் திலாப்பியா ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. முட்டையையும் குஞ்சையும் வாயிலேயே வைத்துக் காக்கும். அசுத்த நீரையும் பிராணவாயுக் குறைவையும் தாங்கும். அதனால்தான் சாக்கடை கலந்த நம் ஏரிகளில் மற்ற மீன்கள் மறைய, ஜிலேபி மட்டும் பெருகி நிற்கிறது. ஜிலேபி நிறைந்திருப்பதைப் பார்த்து ஏரி நலமாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

அதைவிடக் கொடியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. கிடைத்ததையெல்லாம் விழுங்கிப் பெரிதாக வளரும் இந்த மீனை வளர்க்கவும் விற்கவும் தடை உள்ளது. ஆயினும் திருட்டுத்தனமான வளர்ப்பு முற்றிலும் ஒழியவில்லை. வெள்ளக் காலத்தில் ஒரு குட்டையின் கரை உடைந்தால் போதும், அது ஏரிக்குள் நுழைந்துவிடும். வீட்டுக் கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்வதற்காக வாங்கும் தென் அமெரிக்க உறிஞ்சு மீனும் இப்படித்தான். பெரிதாக வளர்ந்ததும், கொல்ல மனமில்லாமல், புண்ணியம் என்று எண்ணி ஏரியில் விட்டுவிடுகிறோம். இரக்கத்தால் செய்த செயலே நாட்டு மீனுக்குத் தீமையாகிறது.

பல தலைவர்கள், பொறுப்பாளர் இல்லை

அண்மை ஆண்டுகளில் மாநில மீன்வளத் துறை ஆறுகளில் நாட்டின மீன் குஞ்சுகளை விடும் பணியைத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நம் பகுதியிலும் ஏரிகளைச் சீரமைக்கும் பணிகள் நடந்துள்ளன. சிட்லபாக்கம் ஏரிக்கு 2019இல் 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. செம்பாக்கம் ஏரியில் தொண்டு நிறுவனங்களும் கல்வி நிறுவனமும் இணைந்து பணி செய்தன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், சுமார் 1,248 ஹெக்டேர் பரப்புடன், ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் வீட்டு வாசலில் இருக்கும் சதுப்பு நிலம் உலகப் பட்டியலில் இடம் பெற்றது பெருமைக்குரியது. அந்த உடன்படிக்கை வகுத்துள்ள ஒன்பது அளவுகோல்களில் இரண்டு மீன்களுக்கென்றே உள்ளவை என்பதைப் பலர் அறியார். பள்ளிக்கரணையில் 46 வகை மீன்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. ஆனால் சதுப்பு நிலம் என்றால் நாம் பறவைகளை மட்டுமே பேசுகிறோம். மீன் இல்லாமல் பறவை எதற்காக வரும்?

குறை எங்கே இருக்கிறது? ஏரியின் கரையும் மதகும் ஒரு துறையிடம். மீன்பாசி ஏலம் வேறொருவரிடம். மீன் குஞ்சு கொடுப்பது மீன்வளத் துறை. சதுப்பு நிலம் வனத்துறையிடம். ஏரியில் விழும் கழிவுநீர் உள்ளாட்சியின் கணக்கில். ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்தாலும், செம்பாக்கத்திலிருந்து கோவளம் வரை ஒரு கெளுத்தி போய்த் திரும்ப வழி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஏரியைச் சீரமைக்கும்போது கரையைச் செங்குத்தாக உயர்த்திக் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் அமைக்கிறோம். நடப்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் மீன் முட்டையிடும் ஆழமில்லாத புல்விளிம்பு அத்தோடு போய்விடுகிறது. சீரமைப்பதற்கு முன் அந்த ஏரியில் எத்தனை வகை மீன் இருந்தது, பின்பு எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பதும் இல்லை.

கழிவுநீரைப் பற்றி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கழிவு மிகுந்தால் பாசி பெருகும். பகலில் பாசி பிராணவாயு தரும். இரவில் அதுவே பிராணவாயுவை உண்ணும். அதனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவிக்கும்; சில நாட்களில் கூட்டமாகச் செத்து மிதக்கும். அந்தக் கழிவில் நம் வீட்டுக் குழாயின் பங்கு எவ்வளவு?

ஒரே மறைமாவட்டத்தின் இரண்டு தாகங்கள்

இப்போது நம் மனச்சான்றைத் தொடும் ஒரு செய்திக்கு வருகிறேன். தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளத்துக்கு அருகே சென்னைக்கான ஆறாவது நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. சுமார் 350 கோடி ரூபாய் செலவில் 1.6 டி.எம்.சி. மழைநீரைத் தேக்குவது திட்டம். பழைய மாமல்லபுரம் சாலைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடைப்பட்ட உப்பங்கழிப் பகுதியில் நன்னீரைத் தேக்க இருக்கிறார்கள்.

தண்ணீர் நமக்குத் தேவை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்ததை நாம் மறக்கவில்லை. குடத்தை வரிசையில் வைத்து லாரிக்காகக் காத்திருந்த தாய்மார்கள் நம் பங்கிலேயே உண்டு. எனவே வீணாகக் கடலில் கலக்கும் மழைநீரைத் தேக்குவது நல்ல திட்டம்தானே என்று தோன்றும்.

ஆனால் உப்பங்கழி வீணாகக் கிடக்கும் நிலம் அல்ல. உப்பும் இனிப்பும் கலந்த அந்த நீரில்தான் இறாலும் மடவையும் கொடுவாவும் நண்டும் இளம் பருவத்தைக் கழிக்கின்றன. அது கடல் மீன்களின் தொட்டில். அந்தக் கழியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் படகு இல்லை, வலை இல்லை, பட்டா இல்லை. அந்த நீர் மட்டுமே அவர்களுடைய சொத்து. கடற்கரையில் வாழும் மீனவர்களும் தங்கள் வாழ்வாதாரத்திற்கு என்ன நேரும் என்று கவலை தெரிவித்துள்ளனர். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் இயங்குகிறது. அதன் தண்ணீரைக் குடிப்பவர்கள் தென்சென்னை மக்கள். மீண்டும் ஒருமுறை நகரத்தின் தாகத்துக்காக அதே கடற்கரை கேட்கப்படுகிறது.

கோவளத்தில் கார்மேல் அன்னையின் திருத்தலம் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து நாம் குடும்பத்தோடு சென்று மெழுகுதிரி ஏற்றி வருகிறோம். அங்கே நம்மோடு முழந்தாளிட்டு நிற்கும் மீனவச் சகோதரரின் கழியில்தான் நம் குழாய்க்கான நீர் தேங்கப் போகிறது. இருவரும் ஒரே ஆயரின் மந்தை. ஒரே அப்பத்தில் பங்கு கொள்பவர்கள். ஒருவருடைய தாகத்தைத் தணிக்க மற்றவருடைய உலை அணைய வேண்டுமா? திட்டமே வேண்டாம் என்றோ, உடனே வேண்டும் என்றோ தீர்ப்புச் சொல்ல நான் பொறியாளன் அல்லன். ஆனால் மேய்ப்பன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். அந்த மக்கள் புரிந்துகொள்ளும் தமிழில், அவர்கள் ஊரிலேயே, முடிவுக்கு முன்பாக அவர்களிடம் கேட்கப்பட வேண்டும். கழியின் மீன்வளத்திற்கு என்ன நேரும் என்ற ஆய்வு அவர்கள் கையில் கொடுக்கப்பட வேண்டும். அவர்களுக்காக இதைக் கேட்க வேண்டியவர்கள், அந்தத் தண்ணீரைக் குடிக்கப் போகும் நாம்தான்.

இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. மண்ணுலகின் வளங்கள் எல்லா மக்களுக்காகவும் படைக்கப்பட்டவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டில் கற்பித்தது. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில், எந்தத் திட்டமானாலும் அதன் சூழல் விளைவுகளைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாக ஆராய வேண்டும் என்றும், அந்த உரையாடலில் உள்ளூர் மக்களுக்குச் சிறப்பிடம் தரப்பட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நமக்குப் பயன்படுவதால் மட்டுமல்ல, தம்மிலேயே உயிரினங்களுக்கு மதிப்பு உண்டு என்பதும் அத்திருமடலின் படிப்பினை.

கேட்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை பெரிய செலவுள்ளவை அல்ல. முதலாவது, ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒவ்வொன்றிலும் நாட்டு மீன் கணக்கெடுப்பு இடம்பெற வேண்டும். கரையின் ஒரு பகுதியாவது சரிவாகவும் புல்லோடும் விடப்பட வேண்டும். கலங்கலில் மீன் ஏறுவதற்குச் சரிவுப்பாதை அமைக்க வேண்டும். இரண்டாவது, மழைக்காலத்தில் முட்டையிடும் சில வாரங்கள் கலங்கலிலும் வரத்துக் கால்வாயிலும் மீன் பிடிக்கத் தடை வேண்டும். மூன்றாவது, மீன்பாசிக் குத்தகையில் நாட்டு மீனைக் காக்கும் நிபந்தனை சேர்க்கப்பட வேண்டும். ஏலத்தில் பணம் படைத்தவரோடு போட்டியிட முடியாத இருளர்களுக்கும் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முன்னுரிமை வேண்டும். நான்காவது, கட்லாவோடு நின்றுவிடாமல் விராலையும் கெளுத்தியையும் பெருக்க வேண்டும். அதற்கான அறிவு தொலைவில் இல்லை. முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 1997லேயே கொடுவா மீனைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்து காட்டியது.

நாம் செய்ய வேண்டியவையும் உண்டு. வீட்டுக் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விட்டிருந்தால், முதலில் அதை நிறுத்துவோம். கழிவு அகற்றும் லாரியை அழைத்தால், அது எங்கே கொண்டுபோய் ஊற்றுகிறது என்று கேட்போம். தொட்டி மீன்களை ஏரியில் விட வேண்டாம் என்று மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவோம். சந்தையில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வாங்க மறுப்போம். முட்டையோடு இருக்கும் மீன் ருசி என்று தேடி வாங்கும் பழக்கத்தைத் தவக்காலத்திலாவது விட்டுவிடுவோம். வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டு மீனுக்கு மாறுவது மட்டுமே ஒறுத்தல் ஆகிவிடாது. மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டம் நடக்கும்போது அன்பியத்திலிருந்து இருவராவது சென்று, நம் ஏரியைப் பற்றிக் கேள்வி எழுப்பலாமே. நவம்பர் 21 உலக மீன்வள நாள். அதையொட்டிய ஞாயிற்றில் கோவளத்துப் பங்கு மக்களை நம் பங்குக்கு அழைத்து, அவர்கள் பேச, நாம் கேட்போம். அவர்களுக்காக நாம் பேசுவதற்கு முன் அது நடக்கட்டும்.

நாட்டில் உண்மையும் அன்பும் இல்லாமற்போனதால் நிலம் புலம்புகிறது, கடல் மீன்களும் அழிகின்றன என்று இறைவாக்கினர் ஓசேயா (4:1-3) முழங்கினார். மீன் செத்து மிதப்பதை நீரின் நோயாக மட்டும் அவர் பார்க்கவில்லை, மனித உறவின் நோயாகப் பார்த்தார். அதற்கு மாறாக எசேக்கியேல் (47ஆம் அதிகாரம்) ஒரு காட்சி கண்டார். கோவிலின் வாயிற்படியிலிருந்து புறப்படும் நீர் ஆறாகப் பெருகி, போகுமிடமெல்லாம் உயிர் தருகிறது. எண்ணற்ற மீன்கள் துள்ளுகின்றன. கரையெங்கும் மீனவர்கள் வலை விரிக்கிறார்கள். அதே காட்சியில் சதுப்பும் உவர்நிலமும் மட்டும் உப்பாகவே விடப்படுகின்றன என்று ஒரு வசனம் வருகிறது. எல்லா நீரையும் இனிப்பாக்கி விடவில்லை ஆண்டவர். உவர்நிலத்துக்கும் அதனதன் பயன் உண்டு என்று விட்டுவைத்தார். கோவளத்துக் கழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம் நினைவுக்கு வருகிறது.

நம் ஆலயத்தின் வாசலிலிருந்து புறப்படும் நீர் எங்கே போகிறது, அது போகுமிடத்தில் உயிர் இருக்கிறதா? இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டருகே உள்ள கலங்கலுக்கு ஒருமுறை பிள்ளைகளை அழைத்துச் சென்று பாருங்கள். ஓட்டத்தை எதிர்த்து ஒரு கெண்டையாவது ஏறுகிறதா என்று காத்திருந்து பாருங்கள். ஏறினால், படைப்பின் ஐந்தாம் நாளில் வழங்கப்பட்ட ஆசி இன்னும் நம் ஊரில் நிலைத்திருக்கிறது என்று இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். ஏறாவிட்டால், யார் எங்கே வழியை அடைத்தோம் என்று கேட்கத் தொடங்குவோம். படைப்பின் ஆண்டவர் நம்மை ஆசீர்வதிப்பாராக!